அஞ்சறைப் பெட்டியும் நெற்குதிரும் விதைநெல்லும்



எந்தப் பொருளை எங்கே வைப்பது என்னும் அறிவு நம் இல்லத்தரசியரிடம் இயல்பாகவே அமைந்துள்ளது. கடுகும் சீரகமும் மிளகும் மஞ்சளும் அடுப்பங்கரையில், கைக்கெட்டும் தொலைவில், அஞ்சறைப் பெட்டிக்குள் இருக்கும். ஆண்டு முழுமைக்கும் வேண்டிய நெல் குதிரில் கிடக்கும். அடுத்த பருவத்துக்குரிய விதைநெல்லோ இவ்விரண்டிலும் சேராது. நன்கு உலர்த்தப்பெற்று, வேப்பிலையும் நொச்சியிலையும் இடப்பெற்று, தனியே காக்கப்படும். குதிர் காலியாகும் நாளிலும் விதைநெல்லில் கை வைப்பதில்லை என்பது உழவர் குடும்பங்களின் எழுதாச் சட்டம். அஞ்சறைப் பெட்டி சிறிது, குதிர் பெரிது. விதைநெல்லின் மதிப்பையோ அதன் அளவு சொல்வதில்லை.

இந்தப் பழைய ஒழுங்கு, இன்று நம் வீடுகளிலும் பங்கு அலுவலகங்களிலும் குடியேறியுள்ள கணிப்பொறிக்கும் அப்படியே பொருந்துகின்றது. எங்கள் பங்கில் அண்மையில் எழுந்த ஒரு வழக்கு இதனை எனக்குத் தெளிவாக்கிற்று. அதனைப் பகிர்ந்துகொண்டால் குடும்பங்கள் பலவற்றுக்கும் பயன்படும் என்று கருதியே இதனை எழுதலானேன்.

வழக்கு எழுந்த விதம்

திருத்தணி, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். முருகன் குடிகொண்ட மலையால் பெயர் பெற்றது. அங்குள்ள எங்கள் பங்கு சிறியது. அலுவலகத்தில் ஒரு கணிப்பொறி உண்டு. அதனுள் சேமிப்புக் கருவிகள் இரண்டு: 512 ஜி.பி. கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி. ஒன்று; 2 டி.பி. கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க் ஒன்று. முன்னது விரைவானது, பின்னது விசாலமானது. பங்குத் திருவிழா முடிந்த சில வாரங்களில், எஸ்.எஸ்.டி. நிரம்பிவிட்டதென்று கணிப்பொறி சிவப்புக் கோடு காட்டத் தொடங்கியது. ஒரு திருமுழுக்குச் சான்றிதழை அச்சிட்டு முடிப்பதற்குள் ஒரு செபமாலையைச் சொல்லி முடித்துவிடலாம் என்று எங்கள் உபதேசியார் நகைத்தார்.

பங்குப் பேரவையில் இது விவாதத்துக்கு வந்தது. இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர், "திருவிழா வீடியோக்கள் எஸ்.எஸ்.டி.யில்தான் இருக்க வேண்டும், ஃபாதர். அப்போதுதான் தடங்கலின்றி ஓடும்" என்றார். உபதேசியாரோ, "பழைய பதிவேடுகளைப் படம்பிடித்து ஏற்றியிருக்கிறோமே, சாமி, அவையல்லவா முக்கியம்? முக்கியமானவை நல்ல டிஸ்கில் இருக்கட்டும், மற்றவை எங்கேனும் போகட்டும்" என்றார். கணக்குப் பார்ப்பவர், "வெட்டித் தொகுத்த படம் கையில் இருக்கும்போது தொகுக்காத துண்டுகள் எதற்கு? அவற்றை அழித்துவிட்டால் இடமும் கிடைக்கும், செலவும் இல்லை" என்று முடிவு கூறினார்.

மூவர் சொன்னதும் நியாயமாகவே தோன்றியது. எனினும் மூவரும் மூன்று வெவ்வேறு பொருள்களைப் பேசினர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் வேகத்தைக் கருதினார். ஒருவர் மதிப்பைக் கருதினார். ஒருவர் இடத்தைக் கருதினார். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே இத்தகைய வழக்குகள் தீராமல் நீள்கின்றன. ஆகவே முதலில் இவ்விரு கருவிகளின் இயல்பை அறிந்துகொள்வோம்.

இரு கருவிகளின் இயல்பு

ஹார்டு டிஸ்க் என்பது காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டுகளைக் கொண்டது. அத்தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் நூலிழையினும் மெல்லிய இடைவெளியில் ஓர் ஊசிமுனை மிதந்து சென்று எழுதுகிறது, படிக்கிறது. 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்டு டிஸ்க், 50 தட்டுகளுடன் இரண்டு அலமாரிகள் அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஆயினும் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளையே அது கொண்டது. இன்று கைப்பிடியளவுள்ள தட்டுப்பெட்டி அதனைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்கிறது. எனினும் வேலைசெய்யும் முறை மாறவில்லை. வேண்டிய செய்தி எழுதப்பட்ட இடத்துக்கு ஊசி நகர வேண்டும். தட்டும் சுழன்று வர வேண்டும். இதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும்.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவுமில்லை. ஜப்பானிய அறிஞர் ஃபுஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1980களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகமே அதன் உள்ளுறுப்பு. நுண்ணிய சிலிக்கான் அறைகளுக்குள் மின்னூட்டத்தைச் சிறைவைப்பதன் மூலம் அது செய்தியைக் காக்கிறது. நகரும் உறுப்பு இல்லாமையால், வேண்டியதை எடுக்க ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அதாவது, ஹார்டு டிஸ்கைவிட ஏறத்தாழ நூறு மடங்கு விரைவு. கீழே விழுந்தாலும் எளிதில் பழுதாகாது. ஆனால் அந்த அறைகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட தடவைகளே அழித்து எழுத இடம் தரும், பிறகு தேய்ந்துபோகும். நெரிசலின்றி வேலைசெய்ய, மொத்த இடத்தில் பத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு காலியாகவும் இருக்க வேண்டும். அது நிரம்ப நிரம்பத் தளர்வதன் காரணம் இதுவே.

இங்கே ஓர் ஐயத்தையும் தீர்த்துவிடுகின்றேன். 512 ஜி.பி. என்று வாங்கிய கருவியைக் கணிப்பொறி 476 என்று காட்டும், 2 டி.பி. என்பதை 1.81 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பலர் எண்ணுகின்றனர். செய்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; கணிப்பொறியோ ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது. படியின் அளவே வேறு, பொருள் குறையவில்லை.

வேகம் யாருக்குத் தேவை?

இனி இளைஞர் தம்பியின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். எங்கள் திருவிழா நொடிக்கு 100 மெகாபிட் விகிதத்தில் படம்பிடிக்கப்பட்டது. அதாவது நொடிக்கு 12.5 எம்.பி. ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. ஆறு மணி நேரப் படம் 270 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் பாதிக்கு மேல் இந்த ஒரு திருவிழாவே அமர்ந்துகொண்டது. அதை ஓட்டிப் பார்க்கத் தேவைப்படும் வேகமோ நொடிக்கு 12.5 எம்.பி. மட்டுமே. சாதாரண ஹார்டு டிஸ்க் ஒன்று, தொடர்ச்சியாக அடுக்கிய செய்தியை நொடிக்கு 100 எம்.பி.க்கு மேல் தரவல்லது. ஆகவே வீடியோ ஓடுவதற்கு எஸ்.எஸ்.டி. வேண்டும் என்பது சரியன்று.

பின் வேகம் யாருக்குத்தான் தேவை? கணிப்பொறி கண்விழிக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்குமிங்குமாகத் தேடி எடுக்கிறது. கணக்கு மென்பொருள், சான்றிதழ் அச்சிடும் மென்பொருள், அன்றாடம் தட்டச்சு செய்யும் கடிதங்கள், கிறித்துமஸ் குடில் போட்டிக்கான பெயர்ப்பட்டியல் இவையெல்லாம் சிறியவை. ஆனால் அடிக்கடி திறக்கப்படுபவை. ஒவ்வொரு தேடலுக்கும் நூறில் ஒரு நொடி என்றால், பத்தாயிரம் தேடலுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி.யிலோ ஒரு நொடி. ஆகவே சிறியதாகவும் அடிக்கடி தேவைப்படுவதாகவும் உள்ளவையே அஞ்சறைப் பெட்டிக்கு உரியவை. ஒரு மூட்டை நெல்லை அஞ்சறைப் பெட்டியில் கொட்டினால் கடுகுக்கும் இடமிராது, நெல்லும் அடங்காது.

வெட்டித் தொகுக்கும் வேலை நடக்கும் நாள்களில் மட்டும் வீடியோ விரைவான இடத்தில் இருப்பது நன்று. அப்போது அது அடுப்பிலுள்ள பண்டம். வேலை முடிந்தபின் குதிருக்குப் போய்விட வேண்டும். இதைத் தம்பி முகம் கோணாமல் ஏற்றுக்கொண்டார்.

மதிப்பு என்பது வேறு

உபதேசியாரின் வாதம் இதனினும் ஆழமானது. பங்கின் பதிவேடுகள் நமக்கு வெறும் தாள்கள் அல்ல. 1563ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம், பங்குக் குருக்கள் திருமணப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் விதி, திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பதிவேடுகள் இருக்க வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கருத்துடன் காக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

பதிவின் வலிமையை எங்கள் ஊரார்க்கு எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1960 ஏப்ரல் முதல் நாள்வரை திருத்தணி ஆந்திர மாநிலத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சிவஞானம் அவர்கள் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், படாஸ்கர் அவர்களின் பரிந்துரைப்படி, கிராமத்தை அலகாகக் கொண்டு, அங்கு எம்மொழி பேசுவோர் மிகுதி, நிலத்தொடர்ச்சி எத்தகையது என்று கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்த்தே எல்லை வகுக்கப்பட்டது. மேடைப் பேச்சும் சிறைவாசமும் தொடங்கி வைத்த வழக்கை, ஏட்டில் எழுதியிருந்த எண்கள் முடித்து வைத்தன எனலாம்.

அத்தகைய பதிவேடுகள் எங்களிடம் பதினான்கு உள்ளன. ஏறத்தாழ முந்நூறு பக்கங்கள் கொண்ட ஓர் ஏட்டைப் பக்கத்துக்கு 5 எம்.பி. வீதம் படம்பிடித்தால் ஒன்றரை ஜி.பி. ஆகிறது. பதினான்கும் சேர்ந்து 21 ஜி.பி. வியப்பைப் பாருங்கள்! மூன்று தலைமுறைகளின் பிறப்பும் திருமணமும் இறப்பும் 21 ஜி.பி.; ஒரு நாள் திருவிழா 270 ஜி.பி. அருமைக்கும் பருமைக்கும் தொடர்பே இல்லை.

ஆயினும், "முக்கியமானவை நல்ல டிஸ்கில் இருக்கட்டும்" என்ற உபதேசியாரின் சொல்லில்தான் ஒரு நுணுக்கம் உள்ளது. விரைவான டிஸ்க் என்பதும் பத்திரமான டிஸ்க் என்பதும் ஒன்றல்ல. எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி ஓர் நாள் கண்மூடிவிடும். ஹார்டு டிஸ்க் சில சமயம் டக் டக்கென்று ஓசை எழுப்பியோ தாமதித்தோ எச்சரிக்கை தரும். பழுதானபின் அதிலிருந்து வல்லுநர் மீட்டெடுக்கும் வாய்ப்பும் ஓரளவு அதிகம். தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பு ஹார்டு டிஸ்கில் அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை மறைந்து கிடக்கும், இன்றைய எஸ்.எஸ்.டி.களோ அழித்ததைத் தாமே துடைத்துவிடும். மேலும், மின்சாரமின்றி அலமாரியில் கிடக்கும் எஸ்.எஸ்.டி.யில் மின்னூட்டம் மெல்லக் கசியும். எழுத்து ஆயுளை முடித்த சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்று, மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு செய்தியைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பு வகுத்த அளவுகோல். புதியது இதனினும் நெடுநாள் தாங்கும். வெப்பம் கூடினால் காலம் குறையும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் எங்கள் திருத்தணியில் இது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியன்றோ?

அப்படியானால் ஹார்டு டிஸ்க் நிலையானதா? அதுவும் அன்று. பல இலட்சம் டிஸ்குகளை ஓட்டிவரும் பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் 2013 முதல் தன் அனுபவக் கணக்கை வெளியிட்டு வருகிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை பழுதாகின்றன என்பதே அக்கணக்கின் சாரம். நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வீட்டார் தங்கள் நிழற்படங்களையெல்லாம் இழக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே எந்தக் கருவி என்ற கேள்விக்கு, எதனை இழந்தால் மீண்டும் பெற இயலாதோ, அதனைப் பொறுத்தமட்டில் விடையே இல்லை. விதைநெல்லுக்கு அஞ்சறைப் பெட்டியும் இடமன்று. குதிர் மட்டும் போதாது.

அழிக்க எண்ணிய மூன்று நிமிடங்கள்

மூன்றாவது வாதம், தொகுக்காத துண்டுகளை அழித்துவிடலாம் என்பது. அதனைப் பெரும்பாலோர் ஆமோதித்தனர். அழிக்கும்முன் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் பட்டியல் இடுவோம் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டேன். அவ்வேலை நடந்துகொண்டிருந்த நாள்களில் பங்கைச் சேர்ந்த ஒரு கைம்பெண் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கணவர் பாடகர் குழுவில் பல ஆண்டுகள் பாடியவர். முந்திய ஆண்டுத் திருவிழா முடிந்து சில மாதங்களில் இறைவனடி சேர்ந்தவர்.

"அவர் குரல் உங்கள் கணிப்பொறியில் இருக்கிறதாமே, சாமி? பேரப்பிள்ளைக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வீட்டில் படம் இருக்கிறது, குரல் இல்லை" என்றார்.

தொகுத்து அழகுபடுத்திய படத்தில் அவர் முகம் இரண்டு நொடிகள் வந்துபோகிறது; ஆனால் அங்கே ஒலிப்பது கடையில் கிடைக்கும் இசை. உண்மைக் குரலை நீக்கிவிட்டு அதைச் சேர்த்திருந்தனர். தொகுக்காத துண்டு ஒன்றில்தான் அவர் பாடுகிறார். தொடங்கும்போது இருமல் வருகிறது, நிறுத்துகிறார், பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறார், மீண்டும் பாடுகிறார். மொத்தம் மூன்று நிமிடம். அந்த அம்மையார் பாட்டைக் கேட்டபோது அமைதியாகவே இருந்தார். அந்த இருமலையும் சிரிப்பையும் கேட்டபோதுதான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று நிமிடம் என்பது கணக்கின்படி 2.25 ஜி.பி. "இதை எந்தப் பட்டியலில் எழுதட்டும், ஃபாதர்?" என்று தம்பி கேட்டார். "பதிவேடுகளின் பட்டியலில் எழுதுங்கள், தம்பி" என்றேன். அக்குடும்பத்துக்கு ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தோம். பென்டிரைவும் நெடுங்காலம் நம்பத்தக்கதன்று. வீட்டிலுள்ள கணிப்பொறியிலும் மகனுடைய கணிப்பொறியிலும் ஏற்றி வையுங்கள் என்றும் சொல்லி அனுப்பினோம்.

அதற்காக எல்லாத் துண்டுகளையும் காத்துக்கொண்டோமா என்றால், இல்லை. ஒரே கொடியேற்றத்தை நான்கு கோணங்களில் எடுத்தவற்றில் ஒன்றை வைத்தோம். நாற்காலிகள் மட்டும் தெரியும் அரைமணி நேரப் படத்தை நீக்கினோம். எல்லாவற்றையும் வைத்திருப்பது காப்பதாகாது; தேடிக் கண்டெடுக்க முடியாத குவியலில் கிடப்பதும் இழந்ததற்கே ஒப்பாகும். வைக்கத்தக்கதைத் தேர்ந்து, ஆண்டும் நாளும் நிகழ்ச்சியும் விளங்கப் பெயரிட்டு வைப்பதே காத்தல்.

எழுதியே வைக்கக் கூடாதவை

எதைச் சேமிப்பது என்பதில் எதைச் சேமிக்கக் கூடாது என்பதும் அடங்கும். குடும்பச் சிக்கல்களை நம்பிச் சொல்லும் மக்களின் பேச்சை எந்தக் கணிப்பொறியிலும் ஏற்றுவதில்லை என்பது என் வழக்கம். பதிவேடுகளிலும் தத்தெடுப்பு முதலிய மென்மையான செய்திகள் உண்டு. 2023ஆம் ஆண்டு இந்திய நாடாளுமன்றம் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புக்கெனவே ஒரு சட்டம் இயற்றியுள்ளது. ஆகவே அப்படங்கள் கடவுச்சொல் இட்டுப் பூட்டப்பட்டுள்ளன. அக்கடவுச்சொல் ஒரு காகித உறையிலிட்டு முத்திரையிடப்பட்டு, இரும்புப் பெட்டியில் உள்ளது. ஏனெனில் பங்குக் குரு மாற்றலாகிப் போகிறவர், ஏடுகள் மாற்றலாவதில்லை. பின்வருபவர் திறக்க முடியாத பெட்டகம், எரிந்துபோன பெட்டகத்துக்குச் சமம்.

பழைய கணிப்பொறியைச் சென்னை ரிச்சி தெருவில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கும் குடும்பங்களும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஹார்டு டிஸ்கில் அழித்த கோப்புகள் முற்றும் மறைந்துவிடுவதில்லை. டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விற்பதே எளிய காவல்.

நிலைபேற்றின் வழி

தமிழ் மக்கள் இந்தப் பாடத்தை முன்பே கற்றவர்கள். பனையோலை சில நூற்றாண்டுகளே தாங்கும். நம் வெப்பமும் ஈரமும் செல்லும் அதற்குப் பகை. ஆனால் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய நூல்கள் நம் கைக்கு வந்துள்ளன. எந்த ஓலையும் அத்தனை காலம் வாழ்ந்ததால் அன்று. நைந்துபோகுமுன் ஒருவர் புதிய ஓலையில் படியெடுத்ததால். படியெடுக்க ஆளில்லாத நூல்கள் மறைந்தன. எஞ்சியவற்றை ஊர் ஊராகத் தேடி உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றினார்.

நம் கத்தோலிக்க மரபிலும் இதற்குச் சான்றுண்டு. அன்றிக் அடிகளாரின் முயற்சியால் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம் கொண்ட சிறு நூல். இன்று அறியப்படும் அதன் ஒரே பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. தொலைவில் ஒரு பிரதி இருந்தமையாலேயே அந்நூல் நமக்கு உண்டு.

மறுபுறம், 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்நெருப்பைக் கண்ட அதிர்ச்சியில் தமிழறிஞர் தாவீது அடிகள் உயிர்நீத்தார். கட்டடம் பின்னர் எழுப்பப்பட்டது. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளை எழுப்ப எவராலும் இயலவில்லை. 2005இல் ஈழத்தமிழர் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம், தம் எழுத்துகளை மீண்டும் ஒரே கூரையின்கீழ் விட்டுவைக்க மாட்டோம் என்ற உறுதியின் பயன் எனலாம்.

கணிப்பொறி வல்லுநர் இதனையே 3-2-1 என்று சுருக்கிச் சொல்கின்றனர். மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகள், ஒன்று வேறோர் இடத்தில். ஒரே அறையிலுள்ள இரு டிஸ்குகள் ஒரே இடியால், ஒரே திருட்டால், ஒரே வெள்ளத்தால் போய்விடும். 2015 டிசம்பரில் சென்னையையும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தையும் சூழ்ந்த வெள்ளம் மேசைமேல் எது இருந்தது, அலமாரியில் எது இருந்தது என்று பார்த்துப் பிரித்ததா?

பேரவையின் தீர்ப்பு

முடிவாக எங்கள் பங்குப் பேரவை செய்த ஏற்பாடு இது. எஸ்.எஸ்.டி.யில் கணிப்பொறியின் இயங்குதளமும், அன்றாட மென்பொருள்களும், நடப்பாண்டுக் கணக்கும், தொகுப்பு நடக்கும் வீடியோவும் மட்டும் இருக்கும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடப்படும். ஹார்டு டிஸ்கில் முடிந்த வீடியோக்களும் நிழற்படங்களும் பழைய கணக்குகளும் இருக்கும். பதிவேடுகளின் படங்களும், அந்த மூன்று நிமிடம் போன்ற ஈடற்ற சிலவும் இரண்டிலும் இருக்கும்; மேலும் வெளியே இணைக்கும் இரு ஹார்டு டிஸ்குகளிலும் இருக்கும். அவற்றுள் ஒன்று அலுவலக அலமாரியிலும் மற்றொன்று வேறோர் ஊரிலும் காக்கப்படும். பிரதி எடுத்தவுடன் கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். இணைந்தே இருந்தால் கணிப்பொறியைப் பற்றும் நச்சு நிரல் அதையும் பற்றும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய டிஸ்குக்கு மாற்றுவதும் உபதேசியாரின் பொறுப்பு.

காகிதப் பதிவேடே மூலம் என்பதிலும் மாற்றமில்லை. திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் உறுதிபூசுதலும் திருமணமும் பின்னர் குறிக்கப்படுகின்றன. நேற்று எடுத்த படம் இன்றைய குறிப்பை அறியாது. ஆகவே ஆண்டுதோறும் புதுக் குறிப்பு ஏறிய பக்கங்களை மீண்டும் படம்பிடிக்கிறோம்.

எழுத்துருவிலும் கவனம் தேவை. யூனிகோடு வருமுன் தட்டச்சு செய்த பழைய பங்கு மடல்கள், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் விளங்காத கிறுக்கலாகத் தெரிகின்றன. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. பழையவற்றை அதற்கு மாற்றி, எங்கும் திறக்கக்கூடிய வடிவில் வைக்கிறோம். வத்திக்கான் நூலகம் தன் கையெழுத்துச் சுவடிகளின் படங்களை, வானியலார் 1981 முதல் பயன்படுத்திவரும் ஃபிட்ஸ் என்னும் திறந்த வடிவில் சேமிப்பதும் இக்காரணம் பற்றியே.

குடும்பங்களுக்கு ஒரு சொல்

பெற்றோரே, உங்கள் இல்லத்திலும் இதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனை நாள்தோறும் திறக்கிறோமா? இது எவ்வளவு இடம் கொள்கிறது? இது போய்விட்டால் மீண்டும் கிடைக்குமா? திரைப்படமும் விளையாட்டு மென்பொருளும் போனால் மீண்டும் பெறலாம். பாட்டியின் குரலும், குழந்தையின் முதல் நடையும், நிலப்பத்திரத்தின் படமும் மீண்டும் கிடைக்கா. பெரும்பாலான வீடுகளில் இவை யாவும் ஒரே கைப்பேசியில், சட்டைப்பையிலும் பேருந்து நெரிசலிலும் வாழ்கின்றன.

இணையத்தில் இருக்கிறதே என்று அமைதி கொள்ள வேண்டா. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி.; இரண்டாண்டு பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியும் 2023 முதல் உண்டு. தந்தையார் மறைந்தபின் அவருடைய கணக்கைத் திறப்பார் இல்லையெனில், அதிலுள்ள படங்களும் ஒருநாள் மறையும். இணையம் ஒரு பிரதியாக இருக்கட்டும்; ஒரே பிரதியாக இருக்க வேண்டா.

வரும் விடுமுறையில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் முதியோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று முதியோர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பெயர் எழுதாத முகம் இரண்டாம் தலைமுறையில் அந்நியமாகிவிடும். பிறகு ஒரு பிரதியை வெளியூரில் வாழும் அண்ணனுக்கோ அத்தைக்கோ அனுப்பி வையுங்கள். நல்ல விதைநெல்லை நம் முன்னோர் தங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. உறவினர்க்கும் ஒரு படி கொடுத்தனர். இங்கே விளைச்சல் பொய்த்த ஆண்டில் அங்கிருந்து அது திரும்பி வந்தது.